கொண்டைச்சாமி பார்த்துக்கொள்வார்

கறிக்கடைக் கூண்டில் இரண்டு நாட்டுக்கோழிகள் இருந்தன. புள்ளி என்ற கோழிக்குச் சாவை நினைத்து இரையே இறங்கவில்லை. கடைக்காரர் இருமினாலும் அது நடுங்கும். வெள்ளச்சியோ மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சுகமாகக் கண்மூடிக் கிடந்தது.

"உனக்குப் பயமே இல்லையா அக்கா?" என்று புள்ளி கேட்டது.

"எதுக்குடி பயம்? மேலே கொண்டைச்சாமி இருக்கார். செத்தா அவர்கிட்டதான் போவோம். அங்கே தெருவெல்லாம் கம்பு கொட்டிக் கிடக்கும்."

"நிஜமாவா?"

"போன வாரம் போனவங்கள்ல ஒருத்தியாவது திரும்பி வந்து குறை சொன்னாளா?"

புள்ளிக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைக்குத்தான் வயிறாரத் தின்று, மதியம் நிம்மதியாகத் தூங்கியது.

சாயங்காலம் கடைக்காரரின் கை கூண்டுக்குள் நுழைந்து வெள்ளச்சியின் காலைப் பிடித்தது.

"போய்ட்டு வா அக்கா! எனக்கும் கொஞ்சம் கம்பு எடுத்து வை!" என்று புள்ளி ஆசையாக வழியனுப்பியது.

வெள்ளச்சி போட்ட கூச்சலில் தெருநாய்கள் மிரண்டு ஓடின. அது கொத்திய கொத்தில் கடைக்காரர் "ஐயோ!" என்று கையை உதறினார். வெள்ளச்சி திறந்த கதவு வழியாகப் பறந்து கூரையில் ஏறியது. எதற்கென்று புரியாமலே புள்ளியும் பின்னால் பறந்தது.

"பார்த்தியா, கொண்டைச்சாமி காப்பாத்திட்டார்!" என்றது வெள்ளச்சி, மூச்சிரைக்க.

"கொத்தினது நீதானே அக்கா?"

"மூக்கைக் கொடுத்தது யாருடி?"

புள்ளி கீழே எட்டிப் பார்த்தது. கடைக்காரர் கூரையில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ஏணியைக் கொடுத்தது யாரு அக்கா?"

"அதை ஓடிக்கிட்டே பேசுவோம், வாடி!"