கலிங்கில் கட்டிய வலை

சிவில் இன்ஜினியர் நவநீதனுக்குப் படகு விடுவதற்கென்றே சொந்தமாக ஒரு சிற்றணை உண்டு. அதைக் காட்டிப் பெண் வீட்டாரை அசத்துவதுதான் திட்டம். கரையில் கால் வைத்தவர்களிடம் அணையே தன் உடம்பு நிலையைச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் மகான் மறந்துவிட்டார்.

“வாங்க. மீன் தப்பிச்சிரும்னு உபரித் தண்ணி போற கலிங்குல வலை கட்டி வெச்சிருக்காருங்க. சருகு அடைச்சு நிக்குது. பெருமழை பெஞ்சா நான் உடைஞ்சிருவேனுங்க,” என்றது அணை.

“நாளைக்கே பிரிச்சிர்றேனுங்க,” என்றான் நவநீதன்.

பெண் கீழே தெரிந்த ஓட்டு வீடுகளைப் பார்த்தாள். “பிரிப்பாருங்களா?” என்று அணையிடமே கேட்டாள்.

“போன வருசமும் இதேதானுங்க சொன்னாரு.”

வந்ததிலிருந்து வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலிங்கில் இறங்கினார்.

“தம்பி, ஒரு அரிவாள் எடுத்தாங்க,” என்றார்.