பிசின்

சிறுதேனீ வளர்க்கும் பானையைத் திறந்த ஞானதாஸ் உள்ளே ஒரு பல்லியைக் கண்டார். எப்போதோ புகுந்து செத்திருந்தது. வெளியே இழுத்துப்போட வலுவில்லாத தேனீக்கள் அதன்மேல் மரப்பிசினைப் பூசி மூடியிருந்தன. வால்நுனிகூட அழுகவில்லை, நாற்றமும் இல்லை.

பானையிலிருந்த பிசினையெல்லாம் அவர் சுரண்டி எடுத்தார். சர்க்கரைப் புண்ணால் மனைவி ரோசிலியின் வலது பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பதினோரு நாளாகியிருந்தது. ஞானதாஸ்தான் மறுத்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார். பிசினை இளஞ்சூட்டில் இளக்கிப் பாதம் முழுக்கத் தடவியபடியே பல்லியைப் பற்றிச் சொன்னார்.

ரோசிலி காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“செத்தத நாறாம வைக்கதுக்குத்தானே அதுக பூசுது?” என்றாள். “எனக்கு இன்னும் உசிரு கெடக்கு. காலு போனா போட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஞானதாஸ் ஆட்டோவுக்குப் போன் செய்தார். பிறகு தேங்காயெண்ணெயைத் தொட்டு, அவள் பாதத்திலிருந்த பிசினை விரல் விரலாகத் துடைக்க உட்கார்ந்தார். அது லேசில் வரவில்லை. சுண்டுவிரலுக்கு வந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. துடைத்து முடித்த பிறகும் அவர் அந்த விரலை விடவில்லை.