தம்பியின் வீட்டுப்பாடம்

பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கிடந்த சட்டைகளுக்கு அடியில் தம்பியின் ஆங்கில நோட்டு அகப்பட்டது. தினமும் மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிறான்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

'என் அண்ணனின் தையல் கடையை விட்டுப் போக எனக்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.'

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

பதினோரு வருஷமாக ஒரே கடை. நான் வெட்டுவேன், அவன் தைப்பான். அவன் போய்விட்டால் நான் வெட்டியதை யாரிடம் கொடுப்பேன்?

'ஃபர்ஸ்ட், இதுவரை ஒரு துணியைக்கூட என்னை வெட்ட விட்டதில்லை.'

வீணானால் யார் பதில் சொல்வது? அவன் நல்லதுக்குத்தானே?

'செகண்ட், வாடிக்கையாளர் முன்னால் டேய் என்கிறார்.'

தம்பியை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

'ஃபைனலி, எதைச் சொன்னாலும் சிரித்து மழுப்பிவிடுகிறார்.'

நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"டேய்!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்ல... தம்பி, என்னப்பா இதெல்லாம்?"

அவன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினான். நோட்டைப் பார்த்தான்.

"ஐயோ, அது வீட்டுப்பாடம்ண்ணே! ஒரு விஷயத்தச் சொல்லிட்டு, அதுக்கு மூணு பாயின்ட் வரிசையா எழுதணும். வாத்தியார் குடுத்த தலைப்புக்கு நாமளா எதையாவது அடிச்சு விடறதுதான்."

"அதுக்கு என் தலைதான் கெடச்சுதா?"

"பின்ன, அண்ணியப் பத்தி எழுதினா எனக்கு சோறு கெடைக்குமா?"

சிரித்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அந்த வாத்தியார் மேல் கோபமும் வந்தது. குடும்பத்தைப் பிரிக்கிற மாதிரியா தலைப்புக் கொடுப்பார் ஒரு மனிதர்?

யாரோ அளவு கொடுக்க வந்தார்கள். தம்பி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்பக்கம் போனான்.

நோட்டை மூடுவதற்கு முன் சும்மா பக்கத்தைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில், சிவப்பு மையில், வாத்தியாரின் கையெழுத்து. இரண்டே வரி. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். நம்பாமல் மறுபடியும் கூட்டினேன்.

'காரணங்களை நன்றாக வரிசைப்படுத்தியிருக்கிறாய். ஆனால் நான் கொடுத்த தலைப்பு, சைக்கிளின் பயன்கள்.'