இருபத்துநான்காவது வரி

திருச்சியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, 1986-இல் வந்திறங்கிய டெர்மினலுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள் அக்னஸ். திரையில் எத்தனை வரிகள் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாறியின் பெயர் ‘லைன்ஸ்’. அதன் மதிப்பு 24 என்று திங்கட்கிழமையே எழுதிவிட்டாள். எடுத்துக்காட்டுக்கு ஊழியர் பட்டியலைப் போட்டிருந்தாள். ஆளுக்கு ஒரு வரியாக இருபத்துநான்கு பேர். கடைசியாக வேலையில் சேர்ந்தவள் என்பதால் அவள் பெயர் கடைசி வரியில் இருந்தது.

இன்று சரிபார்த்தபோது 23 என்று வந்தது. கடைசி வரியைக் காணோம். 24 என்று மாற்றினாள். மறுபடியும் 23. பொன்மலை ரயில்வே பணிமனையின் மதியச் சங்கு ஊதியும் சாப்பாட்டுக்கு எழாமல், விரல் நோக நோக மாற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஸ்தனிஸ்லாஸ் சார், கொஞ்சம் வந்து பாருங்க சார். என் பேரு வரமாட்டேங்குது.”

பக்கத்து மேஜைக்காரர் திரும்பவில்லை. கத்தியே கூப்பிட்டாள்.

டீ கொண்டுவந்த பாக்கியமேரி அம்மா அவரிடம் கேட்டார்: “இந்த மிஷினுக்கு யாரும் வரலீங்களா சார்?”

“இன்னும் ஆள் போடலம்மா. கூடைய அந்த நாற்காலியிலயே வைங்க.”

பாக்கியமேரி அம்மா டம்ளர்கள் நிறைந்த கூடையை அக்னஸின் மடியில் வைத்தார். அவளுக்குக் கனமே தெரியவில்லை.