சோபாவின் இடது மூலை

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சோபாவின் இடது மூலை குழிந்துவிட்டதென்று எஸ்தர் கடைக்குப் போன் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த சர்வீஸ்காரர் குழியைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"கட்டை உடைஞ்சாலோ தையல் விட்டாலோ வாரண்டில மாத்திடலாம்மா. இது உக்காந்து உக்காந்து அமுங்கினது. இதுக்கு வாரண்டி கெடையாது."

எஸ்தர் விடவில்லை. "உக்கார ஆளு வேணாமா? ரெண்டு பேரும் காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வர்றோம்." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன்."

கம்பெனியில் தன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டதைத் தயாளன் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவளோடு கிளம்பி, அவள் பஸ் ஏறியதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

"விடு, அவரு போகட்டும்" என்றான் தரையைப் பார்த்தபடி. கொசுறு கறிவேப்பிலைக்கே மல்லுக்கு நிற்கிறவன். எஸ்தர் அவனையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு சர்வீஸ்காரரை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலையிலும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். "முன்னால நடங்க, பூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் தயாளன் திரும்பி வந்து கதவைத் திறந்தான். குழியில் ஒரு போர்வை, பள்ளம் தெரியாதபடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. டிபன் பாக்ஸைப் பிடித்தபடி அவன் தரையில் உட்கார்ந்தான்.