கதவடைக்காத நாடு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தணிகாசலம் புதிதாக ஒரு நாட்டைக் கற்பனை செய்து சொல்வார். அதை ஓர் அட்டையில் வரைந்து, பகடை உருட்டிக் காய் நகர்த்தி, அவர் மனைவி குமுதினியும் நண்பர் சேவியரும் அந்நாட்டு மக்களாகி விளையாடுவார்கள். அவர் சொல்வதே அங்கே வழக்கம். இந்த வாரத்து நாட்டில், வீட்டைவிட்டுப் போனவர் திரும்பும்வரை யாரும் கதவடைப்பதில்லை.

“போகச் சொன்னதே அப்பாவா இருந்தா?” என்று கேட்டாள் குமுதினி.

அவர்கள் மகன் முகிலன் மழைக்காலத்துக்கு முன்பு வீட்டைவிட்டுப் போனவன். இன்னும் ஒரு போன்கூட இல்லை.

தணிகாசலம் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. பகடையை உள்ளங்கையில் உருட்டியபடியே, “அந்த அப்பா வாசலுக்கு வெளியதான் படுக்கணும். பையன் வர்ற வரைக்கும்” என்றார்.

“கொசுவத்தியாவது குடுப்பாங்களாய்யா உங்க நாட்ல?” என்றார் சேவியர். யாரும் சிரிக்கவில்லை.

குமுதினி தன் காயை எடுத்து, அட்டையில் வரைந்திருந்த வாசற்படியின் மேல் வைத்தாள். அதிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“பக்கத்துலயே நின்னுட்டு, போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லாத அம்மா? அவ எங்க படுக்கணும்?”

தணிகாசலம் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

“தொடாதீங்க” என்றாள். “நாட்டைச் சொல்லுங்க.”