பச்சையாக நின்ற குற்றம்

"மரம் பச்சைப்பசேல்னு நிக்குதே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கத்தினாள் லொரெய்ன். கையிலிருந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை ஒஃபேலியாவின் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

பாலைவன நகரமான டூசானின் ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. மழை வர இன்னும் நாளிருந்தது. அந்தத் தெருவில் இலையோடு நின்ற பெரிய மரம் ஒன்றே ஒன்றுதான்: லொரெய்னுக்கு மேற்குப் பக்கத்து வீட்டு ஒஃபேலியாவின் ஆஷ் என்கிற நிழல்மரம். லொரெய்னின் வயிற்றெரிச்சலும் அதுதான்.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவி லொரெய்ன். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போன வருஷம் தெரு முழுக்கப் புல்லைப் பிடுங்கிவிட்டுச் சரளைக்கல் கொட்ட வைத்தாள். புல்லுக்குப் பாய்ந்த தண்ணீரைத்தான் மரங்களும் குடித்துக்கொண்டிருந்தன என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பன் பாட்டன் காலத்து மரங்களெல்லாம் நின்ற இடத்திலேயே விறகாயின. தன் வீட்டு மல்பெரி மரங்கள் பட்டுப்போனதை லொரெய்ன் "தியாகம்" என்று மேடையில் சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டாள்.

ஆனால் அடுத்த வாரம் சங்கத் தேர்தல். "எங்க மரத்தையெல்லாம் சாகடிச்சாச்சு, அந்த ஒரு மரம் மட்டும் எப்படிப் பிழைச்சுது?" என்று தெருவே கேட்க ஆரம்பித்துவிட்டது. பதில் சொல்லாவிட்டால் நாற்காலி பறிபோகும். ஒஃபேலியா தண்ணீர் திருடுகிறாள் என்று நிரூபித்து மரத்தையும் சாய்த்துவிடுவது என்று, அக்கம்பக்கத்தாரோடு ரம்பக்காரனையும் கூட்டி வந்திருந்தாள்.

கூடவே புருஷன் வெர்ன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். காலையிலிருந்து அது அவருக்கு மூன்றாவது சட்டை. ஒரு வருஷமாகவே மனுஷனுக்குச் சுத்தம் பார்க்கிற பைத்தியம் பிடித்து, வாஷிங் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த அழுக்குத் தண்ணியைக்கூட வீணாக்காம எங்க கள்ளிச்செடிக்கு விடறார்!" என்று லொரெய்ன் அதையும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"தலைவியம்மா, மூணு மாசம் முன்னாடி என் குழாயை மூடிட்டு மக வீட்டுக்குப் போனவ, நேத்துதான் திரும்பி வந்தேன்" என்றாள் ஒஃபேலியா. "வேணும்னா மீட்டரைப் பாருங்க. நகரவே இல்ல."

"மீட்டர்ல ஏறாம எடுத்தாத்தான் அதுக்குப் பேரு திருட்டு!"

மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க லொரெய்ன் மரத்தடியில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினாள். தரை கல்லாக இருந்தது. நாலு இடம் குத்திப் பார்த்துவிட்டு, கிளைகள் முடிகிற இடத்துக்கு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் போனாள். அங்கே ஸ்க்ரூடிரைவர் கேக்கில் கத்தி போல் பிடிவரை இறங்கியது.

கூட்டம் 'ஓ' என்றது. லொரெய்னின் முகம் தேர்தலில் ஜெயித்தே விட்டதுபோல் மலர்ந்தது.

"பாத்தீங்களா? தெருவுல போறவங்க கண்ணுல படக்கூடாதுன்னு சுவரோரமா விட்டிருக்காங்க. என்ன மூளை, என்ன மூளை!"

"ஈரம் எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றாள் ஒஃபேலியா. "வெட்டணும்னா வெட்டிக்கோங்க. இலையைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பும் ஒடிஞ்சு போச்சு. திருடின்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த வயசுல எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். லொரெய்ன் குனியவில்லை.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் மட்டும் சொகுசாவா இருக்கேன்? சாயங்காலம் நாலு மணி வெயில்லகூட எங்க வீட்டுல ஏசி போடறதில்ல. வெறும் ஃபேன் காத்துல நிம்மதியாத் தூங்கறேன். எல்லாத்துக்கும் மனசுல ஒரு கட்டுப்பாடு வேணும்!"

"எங்க வீட்டுல ஏசி போட்டும் தூங்க முடியலையே" என்று எதிர்வீட்டு டுவேன் முணுமுணுத்தான்.

"அதான் சொல்றேன், கட்டுப்பாடு!" என்ற லொரெய்ன் ரம்பக்காரனைப் பார்த்து, "ம், ஆரம்பி!" என்றாள்.

ரம்பம் உறுமியது. அதுவரை ஒரு ஓரமாக நின்றிருந்த வெர்ன் விறுவிறுவென்று போய், சலவைச் சட்டையோடு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நிறுத்துப்பா அதை" என்றார். ரம்பம் அடங்கியது.

"வெர்ன்! வெயில் தலைக்கு ஏறிடுச்சா? ஊரே பார்க்குது, தள்ளி நில்லு!" என்று லொரெய்ன் பல்லைக் கடித்தாள்.

வெர்ன் நகரவில்லை. ஊரே கேட்கும்படி சொன்னார்.

"தண்ணி விட்டது நான்தான் லொரெய்ன். நாலு மணிக்கு நீ எந்த மரத்து நிழல்ல தூங்கறேன்னு நெனச்ச?"